ஏதும் செய்தி உண்டா?



இப்படியான சொற்பொழிவுகளில் முதல் கால் மணி நேரம் நன்றி சொல்வதில் போய்விடும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் அது வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆகவே நேரே வயலுக்கு இறங்குவோம்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு வட்டையில் மாரிபோக வெள்ளாண்மை வெட்டுகிறார்கள். வெட்டு மெஷின் கரையேறுவதற்குள் லொறி வந்து நின்றுவிட்டது. வியாபாரி மூடையின் மேல் நெல்லைப் பார்ப்பதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடி நெல்லை அள்ளுகிறார். ஒரு மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசிந்தால் பச்சை நெல். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதம் என்று கருவி வைத்துப் பார்ப்பதை இவர் பல்லால் பார்க்கிறார். பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அந்த வரம்பில் நிற்கும் இருவருக்கும் ஒவ்வொன்று தெரியும். நெல்லின் ஈரம் விவசாயிக்குத் தெரியும். கடித்துப் பார்க்காமலே தெரியும். மரதகஹமுல அரிசிச் சந்தையில் இன்று காலை என்ன விலை போனது என்பது வியாபாரிக்குத் தெரியும். ஒருவர் தனக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லியாக வேண்டுமா? சொல்லாமல் முடித்த வியாபாரம் நிற்குமா? இன்றைக்கு நான் பேச வந்தது இவ்வளவுதான்.

ஈரத்தைப் பற்றிய விடை நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டதையும் விரல்கள் நனைந்ததையும் குர்ஆன் மத்ரஸாவில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மழை பட்டுவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மோசடிக்காரர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கண்டிப்பு அதன் பிறகு வருகிறது. நாம் கண்டிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முன்னால் சொன்ன வழியை மறந்துவிடுகிறோம். விற்காதே என்று சொல்லவில்லை, விலையைக் குறை என்றும் சொல்லவில்லை. ஈரத்தை மேலே வை, விலை தானாக ஓரிடத்தில் வந்து நிற்கும்.

பொருளியல் கண்ணால் பார்த்தாலும் கணக்கு அதேதான். ஈரத்தை அறிய விற்பவருக்கு ஒரு சதமும் செலவில்லை. வாங்க வருபவரோ ஒவ்வொருவரும் முழங்கை வரை கையை விட வேண்டும். நூறு பேர் வந்தால் நூறு தடவை. ஒரே உண்மையை நூறு தடவை தோண்டி எடுப்பது ஊருக்கே நட்டம். இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமோ ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. பார்த்து வாங்குவது உன் பொறுப்பு என்பதே அதன் அடிக்குணம். பொருளைச் சோதித்து வாங்கியவர், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு முறையிட முடியாது. கடித்துப் பார்த்தவர் பச்சை நெல் என்று வழக்குப் போடக் கூடாது. வியாபாரியின் பல்லுக்குச் சட்டம் கொடுத்த மரியாதை இது.

விலைச் செய்தி அப்படி இலேசில் தீருவதில்லை. அதற்கு நியூ ஓர்லியன்ஸ் வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

1814 டிசம்பர் 24ஆம் திகதி பிரித்தானியாவும் அமெரிக்காவும் இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. செய்தி கப்பலில் வர வேண்டும். வந்து சேருமுன், ஜனவரி 8ஆம் திகதி, நியூ ஓர்லியன்ஸில் பெரும் சண்டை நடந்து பிரித்தானியத் தரப்பில் மட்டும் இரண்டாயிரம் பேரளவில் மடிந்தும் காயப்பட்டும் பிடிபட்டும் போனார்கள். செய்தி தாமதித்தால் யார் யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். துறைமுக முற்றுகையால் புகையிலை ஏற்றுமதி நின்று விலை விழுந்து கிடந்தது. 1815 பெப்ரவரி 19, ஞாயிறு காலை. சமாதானச் செய்தி துண்டுப் பிரசுரமாக எட்டு மணிக்குத்தான் ஊருக்குள் வரப் போகிறது. அதற்கு முன், சூரியன் எழுந்த கையோடு, ஹெக்டர் ஓகன் என்ற வியாபாரி லெயிட்லோ கம்பனியின் பங்காளி ஜிரோவைத் தேடிப் போய் 111 பெரும் பீப்பாய்ப் புகையிலைக்கு விலை பேசுகிறார். பிரித்தானியக் கப்பல் படையிடமிருந்து திரும்பிய ஒருவரின் சகோதரர் வழியாகச் செய்தி ஓகனின் காதுக்கு எட்டியிருந்தது. ஜிரோ கேட்டார்: விலையைக் கூட்டும்படியான செய்தி ஏதும் உண்டா? ஓகன் என்ன சொன்னார் என்பது பதிவில் தெளிவாக இல்லை. பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மணிக்குப் பிறகு புகையிலை விலை 30 முதல் 50 வீதம் ஏறியது. விற்றவர்கள் சரக்கைப் பலாத்காரமாகத் திருப்பி எடுத்துக்கொள்ள, ஓகன் வழக்குக்குப் போனார்.

1817இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் எழுதிய தீர்ப்பு ஒரே ஒரு பத்தி, அவ்வளவுதான். வெளிச் சூழ்நிலை பற்றிய செய்தி இரு தரப்பும் சமமாக எட்டக்கூடியதாக இருந்தால், வாங்குபவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்ற கடமை இல்லை. ஆனால் எதிராளியை ஏய்க்கும் விதமாக எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது. அப்படி ஏய்த்தாரா என்பதை யூரிமார் பார்க்கட்டும் என்று வழக்கு கீழே திரும்பியது. சட்ட மாணவர்கள் முதல் பாதியைப் பாடமாக்கிக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள்.

நமக்கு இது அந்நியக் கதையாகப் பட்டால் 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வருவதற்கு முந்திய இரவில், விசயம் தெரிந்த ஒருவர் பக்கத்துக் கடையில் பழைய விலைக்கு யூரியா மூடைகளை அள்ளியிருந்தால் அவர் நம்மூர் ஓகன்.

இந்த வழக்கை வைத்து 1978இல் சட்டப் பேராசிரியர் அந்தனி குரோன்மன் ஒரு கட்டுரை எழுதினார். ஒப்பந்தத்தில் தவறு, மௌனம், தகவல் ஆகிய மூன்றையும் பொருளியலால் சேர்த்துக் கட்டிய கட்டுரை அது. அவருடைய கோடு எளிமையானது. காசும் காலமும் செலவழித்துத் தேடிய அறிவு ஒரு சொத்து மாதிரி. அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தினால் நாளைக்கு யாரும் தேட மாட்டார்கள். தேடாமல் தற்செயலாகக் கையில் விழுந்த அறிவைச் சொல்லச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. மண்ணைச் சோதித்து, வரைபடம் பார்த்து, பல நாள் அலைந்து ஒரு காணியின் பெறுமதியைக் கண்டவர் வாய் மூடி வாங்கலாம். பஸ்ஸில் முன் இருக்கையில் இருவர் பேசியதைக் கேட்டு வாங்கியவர் சொல்ல வேண்டும்.

அழகான கோடுதான். ஆனால் ஓகனை அதன் எந்தப் பக்கம் வைப்பது? தேடிப் போய் அறிந்தாரா, செய்தி தேடி வந்ததா? அதைவிடப் பெரிய கேள்வியை ஜாக் ஹேர்ஷ்லைஃபர் என்ற பொருளியலாளர் 1971இலேயே எழுப்பியிருந்தார். எப்படியும் நாளைக்குத் தெரிய வரப்போகும் ஒன்றை இன்று அறிவதால் அறிந்தவருக்கு இலாபம் கிடைக்கும்; ஊருக்கு என்ன கிடைக்கும்? ஓகன் சற்று முந்தியதால் ஒரு புகையிலை இலைகூட அதிகமாக விளையவில்லை. ஒருவர் பையிலிருந்த காசு இன்னொருவர் பைக்குப் போனது, அவ்வளவே. இப்படியான அறிவைத் தேட மனிதர்கள் செலவிடும் உழைப்பைக்கூட வீண் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இந்த இடத்தில் குரோன்மனைவிட ஹேர்ஷ்லைஃபர் சரியாகப் படுகிறார்.

விற்பவர் பக்கம் திரும்பினால் கோடு இன்னும் கோணலாகிறது. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்தார்கள். அதற்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டு போன கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்னந்தோட்டத்தைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். கரையோர மணல் எந்தப் பக்கம் ஓடுகிறது, அலைதடுப்பு கட்டினால் எந்தப் பக்கம் வெறுமையாகும் என்பதை அலைந்து படித்த ஒருவர் இருந்தார் என்று வையுங்கள். தன் சொந்தக் காணி போய்விடும் என்று கணித்து, துறைமுகத்துக்கு முன்பே வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிடுகிறார். குரோன்மனின் கோட்டின்படி அது உழைத்துப் பெற்ற அறிவு, சொல்ல வேண்டியதில்லை. நம் மனம் அதை ஏற்குமா?

ஏற்காது. ஏற்காததற்குப் பொருளியலிலேயே காரணம் உண்டு. ஹார்வர்ட் பேராசிரியர் ஸ்டீவன் ஷாவெல் 1994இல் அதைக் காட்டினார். வாங்குபவரைச் சொல்லச் சொன்னால் அவர் தேடலின் பலன் முழுவதும் கைநழுவிப் போகும்; விலை ஏறிவிடும், அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. விற்பவர் நிலை வேறு. தன் பொருளைச் சோதித்து அது நல்லது என்று கண்டால் சொல்லி விலையைக் கூட்டிக்கொள்வார். ஆகவே கெட்டதையும் சொல்லத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினாலும் சோதிக்கும் ஆசை அவருக்கு அழிந்துவிடாது. வாங்கியவரோ காணி கரையப் போகிறது என்று தெரிந்தால் அதில் மாடி வீடு கட்ட மாட்டார். அந்தச் சீமெந்தும் கம்பியும் மிச்சம். இங்கே தகவல் காசை இடம் மாற்றுவதோடு நிற்கவில்லை, வீணாகப் போகும் வீட்டையும் தடுக்கிறது.

இருவருக்குமே தெரியாத தவறு வேறு வகை. 1887இல் மிச்சிகன் நீதிமன்றத்துக்கு ஒரு பசு வந்தது. மலடு என்று இருவரும் நம்பி 80 டொலர் அளவில் விலை பேசினார்கள். கையளிக்குமுன் பார்த்தால் சினை. சினைப் பசுவென்றால் 750 டொலருக்குக் குறையாது. பேசிய பொருளே வேறு, ஆகவே விற்றவர் விற்பனையை முறிக்கலாம் என்றது நீதிமன்றம். இந்தப் பசுவைப் பற்றி எழுதிய பக்கங்களை அடுக்கினால் ஒரு மாட்டுத் தொழுவம் நிறையும். நான் சொல்ல விரும்புவது அதைவிடப் பழைய, நபிமொழியில் வரும் ஒரு கால்நடைச் சட்டம். பாலைக் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, பெருத்த மடியைக் காட்டி ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்றால், வாங்கியவர் மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ அளவு பேரீச்சம்பழம் கூடக் கொடுக்க வேண்டும். ஏன் நிலையான ஓர் அளவு? விற்ற நேரத்தில் மடியில் இருந்த பால் எவ்வளவு, வாங்கியவர் வீட்டில் தீனி தின்று ஊறிய பால் எவ்வளவு என்று பிரிக்க யாராலும் முடியாது. பிரிக்கப் போனால் பாலைவிட வழக்குக்குச் செலவு கூடும். சட்டமும் பொருளியலும் சேர்ந்த படிப்பு சிக்காகோவில் பிறந்தது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தை நான் எப்போதும் நீட்டுவேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் காணி விற்பனை ஆங்கிலச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அதற்குரியது ஒல்லாந்தர் விட்டுப்போன ரோம-டச்சுச் சட்டம். மறைந்த குறைக்கு விற்றவர் பொறுப்பு என்ற விதி அதில் உண்டு. அதோடு இன்னொரு விநோதமும் உண்டு: உண்மைப் பெறுமதியில் பாதிக்கும் குறைவான விலைக்குக் காணியை விற்றவர் விற்பனையை நீக்கக் கேட்கலாம். லீசியோ எனோர்மிஸ் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். டயோக்கிளீஷியன் என்ற ரோமப் பேரரசரின் பெயரால் வந்த விதி. தென்னாபிரிக்கா 1952இல் தூக்கி எறிந்துவிட்டது, நாம் வைத்திருக்கிறோம். ஆனால் பெறுமதி தெரிந்தே குறைத்து விற்றவருக்கு இது உதவாது. தெரியாமல் விற்றவருக்கு மட்டும் திறக்கும் கதவு. பாதிக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும் என்பது வேறு விசயம். பெருக்கல் வாய்ப்பாட்டால் நீதியை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

வியாபாரியின் விலைச் செய்திக்கு இனித் திரும்பலாம். சந்தைக்கு வரும் வாகனக் கூட்டத்தை ஊருக்கு வெளியே போய் மறித்து வாங்காதீர்கள் என்று ஒரு நபிமொழி உண்டு. மறித்து வாங்கினால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்து விலையைப் பார்த்த பின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இந்த விற்பனை செல்லும், மறித்தவர் பாவி, ஏமாந்தவருக்குக் கியார், அதாவது தெரிவுரிமை. இந்த மூன்றையும் ஒன்றாகக் கோத்த நுணுக்கத்தை நான் சட்டப் புத்தகங்களில் அதிகம் கண்டதில்லை.

மார்ஷலிடமும் குரோன்மனிடமும் கேட்டால் சொல் அல்லது சொல்லாதே என்ற இரண்டே விடைதான் கிடைக்கும். கியார் அப்படிக் கேட்கவில்லை. வழியில் போய் வாங்கியவர் ஒரு வேலையும் செய்திருக்கிறார்: வாகனம் கொண்டு போனார், சுமையை ஏற்றினார், விலை விழுந்தால் தன் தலையில் என்று பொறுப்பேற்றார். அந்த வேலைக்குரிய கூலியைக் கழித்து நியாய விலை கொடுத்திருந்தால் சரக்குக்காரர் சந்தையைப் பார்த்த பிறகும் விற்பனையை முறிக்க மாட்டார். முறித்து அவருக்கு என்ன இலாபம்? எதிராளியின் அறியாமையிலிருந்து வந்த இலாபம் மட்டுமே ஆட்டம் காணும். லொறிக் கூலியையும் அறியாமைக் கூலியையும் ஒரே விதியால் பிரித்துவிட்டார்கள். யார் உழைத்து அறிந்தார் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. விற்றவர் சந்தையை எட்டினாரா என்று கேட்டால் போதும்.

இதைச் சொன்னதும், இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, சந்தையே சட்டைப் பையில் வந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான். கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைபேசி வந்த கதையை ரொபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். மத்தி மீன் பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் நல்ல விலை என்று கேட்டுத் தோணியைத் திருப்பினார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. விற்காமல் கொட்டிய மீன் இல்லாமல் போனது. மீனவர் இலாபம் 8 வீதம் கூடியது, வாங்கித் தின்றவருக்கு விலை 4 வீதம் குறைந்தது. யாரையும் யாருக்கும் சொல்லும்படி கட்டாயப்படுத்தாமலே நடந்தது இது.

நெல்லுக்கு அப்படி நடக்கவில்லை. வரம்பில் நிற்கும் விவசாயிக்கு மரதகஹமுல விலை தெரியும். போனைக் காட்டி வியாபாரியிடம் சொல்லவும் செய்கிறார். வியாபாரி சிரிக்கிறார். ஏனென்றால் விதைப்புக்குப் பசளை கடனாகக் கொடுத்தவர் அவர்தான். மெஷின் கூலியை இன்றைக்கே கொடுக்க வேண்டும். பச்சை நெல்லை மூடைக்குள் நாலு நாள் வைத்தால் முளைக்கும் அல்லது நாறும். காயவைக்க இடம் அக்கரைப்பற்று வீதியின் தார். அதிலும் ஓர் ஓரம்தான் கிடைக்கும், பஸ் வேறு ஏறிப்போகும். இவருக்குக் கியார் கொடுத்தாலும் அதை வைத்து என்ன செய்வார்? முறித்துவிட்டு நெல்லை எங்கே கொண்டு போவார்? மத்திக்காரரால் தோணியைத் திருப்ப முடிந்தது. வெள்ளாண்மைக்காரரால் வயலைத் திருப்ப முடியாது. ஆகவே தகவலைப் பற்றிய சட்டத்திடம் நான் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. எழுந்து வேறிடம் போகக்கூடியவருக்கு அது உதவும். போக முடியாதவருக்கு வேண்டியது உலர்த்தும் தளமும், களஞ்சியமும், வியாபாரியிடம் அல்லாத ஒரு கடனும். இது சட்டத்துறை நண்பர்களுக்கு உவப்பாக இராது என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், துணிவு வரவில்லை.

1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதி நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 2005இல் அப்படியான ஓர் உறுதிக்கு நான் சாட்சி. சுனாமியில் கடல் வந்து போன பின், கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்திருந்த காலம். சாய்ந்தமருதில் ஒரு ராத்தாவின் வளவு அந்த எல்லைக்குள் கிடந்தது. வீடு போய், வீட்டுக்காரரும் போய், கிணறு உப்பாகி, கையில் இருந்தது அந்த மண் மட்டும். கட்ட முடியாத மண்ணுக்கு யார் காசு கொடுப்பார்? என் உறவினர் ஒருவர் கொடுக்க முன்வந்தார். எல்லையைத் தளர்த்தப் போகிறார்கள் என்று கந்தோர் ஒன்றில் வேலை செய்த ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். பின்னர் தளர்த்தவும் செய்தார்கள். நொத்தாரிசிடம் போகும் வழியில் என் உறவினர் அதை எனக்குச் சொன்னார். அவர் தேடிப் போகவில்லை, நானும் தேடிப் போகவில்லை. அவருக்கு அது தேநீர்க் கடையில் காதில் விழுந்தது.

நொத்தாரிசு உறுதியை வாசித்து முடித்தார். ராத்தா பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு என் உறவினரைப் பார்த்துக் கேட்டார்: "கொழும்புப் பக்கம் ஏதும் செய்தி கிடக்கா தம்பி?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உறுதியின் ஓரத்தை விரலால் தட்டி எங்கே ஒப்பமிட வேண்டும் என்று காட்டினார். ராத்தா ஒப்பமிட்டார். பிறகு என் உறவினர் இட்டார். முதல் சாட்சி இட்டார். இரண்டாம் சாட்சி நான்.